ஐந்து கட்டைச் சுருதியில் ஊளையிடாத கிட்டார்: எல்.ஆர். பேக்ஸ் பாரா அக்கூஸ்டிக் டிஐ

பாடுபவரின் சுருதி ஐந்து கட்டை (மேற்கத்திய ‘ஜி’) என்றால், ஆறாம் தந்தியின் மூன்றாம் கட்டத்தில் கிட்டார் கொடுக்கும் கீழ்ச் சட்ஜம் 98 ஹெர்ட்ஸ். ஐந்தரைக் கட்டைக்கு அது 104-ஐ ஒட்டியும் ஆறு கட்டைக்கு 110 ஆகவும் அமையும். ட்ரெட்நாட் எனப்படும் அகன்ற உடல்வடிவக் கிட்டாரின் பெட்டிக்குள் அடைபட்டிருக்கும் காற்று தானாகவே பெரிதாக அதிர விரும்பும் அதிர்வெண்ணும் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ்தான். பெண் குரலுக்குப் பக்கவாத்தியமாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசிப்பவர்கள் சட்ஜத்தைத் தொடும்போதெல்லாம் மானிட்டர் (வாசிப்பவரை நோக்கி மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) ஊளையிடத் தொடங்குவது இதனால்தான்: அதன் ஒலி கிட்டாரை அதிரவைத்து, மீண்டும் ஸ்பீக்கருக்கே போய்ச் சுற்றிச் சுற்றி வளர்கிறது. பழியை உடனே சவுண்டுக்காரர் மீது போடுவது நம் வழக்கம் என்றாலும், பாதிக் காரணம் நம் மடியிலேயே இருக்கிறது.

இந்தச் சிக்கலுக்காகவே நான் வாங்கிய கருவி, கலிஃபோர்னியாவின் நிபோமோவில் இயங்கும் எல்.ஆர். பேக்ஸ் நிறுவனத்தின் பாரா அக்கூஸ்டிக் டிஐ. உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பெட்டி ப்ரீஆம்ப் (மெல்லிய சிக்னலை வலுவாக்குவது), ஈக்வலைசர் (அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்குவது), டிஐ (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தருவது) ஆகிய மூன்று வேலைகளையும் செய்கிறது. தந்திகளைத் தாங்கும் சேடிலுக்கு அடியில், அதிர்வை மின் சிக்னலாக்கும் பியெஸோ பிக்கப் மட்டும் பொருத்தப்பட்டு, உள்ளே ப்ரீஆம்ப் எதுவும் இல்லாத ஒரு ட்ரெட்நாட்டுடன் இதை மயிலாப்பூரின் சிறிய அரங்குகளிலும் கல்யாண மண்டபங்களிலும் பயன்படுத்திவருகிறேன்.

முதல் மாற்றம் எந்தக் குமிழையும் தொடுவதற்கு முன்பே காதில் படுகிறது. பியெஸோ பிக்கப் மின்னியல் நோக்கில் ஒரு மின்தேக்கியைப் போல நடந்துகொள்வதால், அதை நேரடியாக மிக்சரின் லைன் உள்ளீட்டில் செருகினால் கீழ் ஸ்தாயி கரைந்துபோய், மூக்கால் பேசுவது போன்ற ஒலியே மிஞ்சும். இந்தக் கருவியின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை) மிக உயர்ந்த 10 மெகாஓம் என்பதால் கீழ்த் தந்திகளின் கனம் முழுமையாக வந்து சேர்கிறது. ஆனால் அந்தக் கனம் திரும்பி வந்த கையோடு மேலே சொன்ன ஊளையும் பலமாகத் திரும்பி வருகிறது.

அதற்கு மருந்தாக இதில் இரண்டு வசதிகள் உள்ளன: ஒலி அலையைத் தலைகீழாக்கும் இன்வெர்ட் பொத்தானும், 60 முதல் 320 ஹெர்ட்ஸ் வரை நாமே தேடி நிறுத்தி, அந்தக் குறுகிய பகுதியை மட்டும் வெட்டக்கூடிய நாட்ச் வடிப்பானும். இவற்றுள் இன்வெர்ட்டை முதலில் முயல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மானிட்டரிலிருந்து வரும் அலையும் கிட்டாரின் மேற்பலகையும் ஒரே திசையில் அசைந்தால் ஊளை வளரும், எதிர்த்திசையில் அசைந்தால் தணியும். எந்த நிலை சரி என்பது மானிட்டருக்கும் நமக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது என்பதால், இடம் மாறும்போதெல்லாம் இரண்டையும் அழுத்திப் பார்த்தே ஆக வேண்டும். ஒலியின் குணத்தில் இதனால் இழப்பு ஏதுமில்லை. நாட்ச் அப்படிப்பட்டதல்ல. ஊளை மெல்லத் தலைகாட்டும்வரை ஒலியளவை ஏற்றி, அது அடங்கும் இடம்வரை குமிழைத் திருப்பினால் பிரச்சினை தீர்ந்துவிடும்தான். ஆனால் ஐந்து கட்டைப் பாட்டில் அந்த இடம் சட்ஜத்தின் மேலேயே விழுவதால், ராகத்தின் ஆதார ஸ்வரமே மெலிந்து ஒலிக்கும். ஆகவே ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைத்து, இன்வெர்ட்டையும் முயன்று, அதன் பிறகும் அடங்காத மிச்சத்துக்கு மட்டும் நாட்சைக் கொஞ்சமாகப் பயன்படுத்துகிறேன். கிரானைட் தரையும் வெற்றுச் சுவர்களும் கொண்ட மண்டபங்களில் இந்த மூன்றும் சேர்ந்தே தேவைப்படுகின்றன. பெசன்ட் நகரில் மொட்டை மாடியில் நடக்கும் நிகழ்ச்சி என்றால் ரப்பர் மூடியே கூடப் போதும்.

பியெஸோவுக்கே உரிய தகரச் சத்தத்தை அடக்க, 400 முதல் 1,600 ஹெர்ட்ஸ் வரை நகர்த்தக்கூடிய மிட் (நடு அதிர்வெண்) குமிழ் உதவுகிறது. அதை முதலில் வேண்டுமென்றே ஏற்றி, காதுக்கு மிகவும் அருவருப்பாகப் படும் இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு அதே இடத்தில் இறக்குவதுதான் முறை. என் கிட்டாரில் அது 1,000 ஹெர்ட்ஸை ஒட்டி அமைந்தது. கமகம் பிடிப்பவர்கள் ட்ரெபிளைச் சற்று இறக்கியே வைப்பது நல்லது, இல்லையெனில் தந்தியில் விரல் வழுக்கும் கீச்சொலி ஸ்வரத்தை முந்திக்கொண்டு கேட்கும். இத்தனை செய்தும், நல்ல மைக்கை முன்னே வைத்து வாசித்தது போன்ற காற்றோட்டமான ஒலி இதில் கிடைப்பதில்லை. அதை எதிர்பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவார்கள்.

மிக்சரிலிருந்து 48 வோல்ட் பாண்டம் பவர் (மைக் கேபிள் வழியே மிக்சர் அனுப்பும் மின்சாரம்) வந்தால் கருவி அதிலேயே இயங்கும். ஆனால் வாடகைக்கு வரும் எல்லா மிக்சர்களையும் நம்ப முடியாது என்பதால் 9 வோல்ட் பேட்டரி ஒன்றைப் போட்டே வைத்திருக்கிறேன்.

காலால் மிதித்து ஒலியை நிறுத்தும் வசதி இதில் இல்லாதது மேடையில் உண்மையான குறை. இரண்டு பாட்டுகளுக்கு இடையே சத்தமின்றிச் சுருதி சேர்க்க வேண்டுமானால் ட்யூனர் பெடல் ஒன்று தனியாக வேண்டும். அது தொல்லை என்று நினைப்பவர்கள் ட்யூனரும் மியூட்டும் சேர்ந்தே வரும் இதே நிறுவனத்தின் வென்யூ டிஐ-யைப் பார்க்கலாம். அது அளவிலும் விலையிலும் பெரியது. எதை வாங்குவதானாலும் சொந்தக் கிட்டாரோடு கடைக்குப் போக வேண்டும். அண்ணா சாலைக் கடைகளின் குளிரூட்டிய அறைக்குள் மெதுவாக வாசித்துப் பார்த்தால் எந்தப் பெட்டியும் இனிமையாகத்தான் ஒலிக்கும் என்பதால், அங்குள்ள ஸ்பீக்கரைத் தன் பக்கம் திருப்பி, ஒலியை ஏற்றி, தான் அதிகம் வாசிக்கும் சுருதியின் கீழ்ச் சட்ஜத்தை நீண்ட நேரம் ஒலிக்கவிட்டுப் பார்ப்பதே சரியான சோதனை.

கிட்டாரின் பக்கவாட்டிலேயே ப்ரீஆம்ப் உள்ளவர்கள், அதன் குமிழ்களை எல்லாம் நடுவில் நிறுத்தி, ஒலியளவை முக்கால் பங்கு வைத்து இதனுடன் இணைக்கலாம். அந்த ப்ரீஆம்பிலேயே நாட்சும் ஃபேஸ் பொத்தானும் (இன்வெர்ட்டின் மறுபெயர்) இருக்குமானால், இவ்வளவு செலவு செய்யும் முன் அந்த ரப்பர் மூடியை மட்டும் வாங்கிப் பாருங்கள்.