12 வால்வு கம்மின்ஸ்: பம்பைக் கழற்றும் முன் டீசல் வரும் வழியைப் பாருங்கள்

1994 முதல் 1998 நடுப்பகுதி வரை வந்த அமெரிக்க டாட்ஜ் ராம் 2500, 3500 பிக்கப்புகளின் 5.9 லிட்டர், 12 வால்வு கம்மின்ஸ் டீசல் எஞ்சினில் எரிபொருளைத் தீர்மானிக்கக் கம்ப்யூட்டர் கிடையாது. சிலிண்டர்களுக்கு டீசலைப் பீச்சும் பாஷ் பி7100 இன்லைன் பம்ப், ஆறு நாசில், ஒரு டர்போ, அவ்வளவுதான். இதே கம்மின்ஸ் பி வரிசை எஞ்சின்தான் ஜாம்ஷெட்பூரில் தயாராகி டாடா 1613 லாரிகளில் ஓடியது. நாமக்கல் பட்டறைக்காரர் ஒருவர் இதன் பானெட்டைத் திறந்தால் அவருக்குப் புதிதாக எதுவும் இருக்காது.

நீண்ட நாள் பயன்பாட்டில் இந்த வண்டி பற்றி அடிக்கடி கேட்கும் புகார் இரண்டு: காலையில் நேரம் எடுத்து ஸ்டார்ட் ஆகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை. உடனே "பம்ப் போச்சு" என்பார்கள். பெரும்பாலும் பம்ப் நன்றாகவே இருக்கும். கோளாறு அதற்கு முன்னால்.

டேங்கிலிருந்து லிஃப்ட் பம்ப் (டீசலை இழுத்து பி7100-க்கு அனுப்பும் சின்ன பம்ப்) வரை டீசல் உறிஞ்சி இழுக்கப்படுகிறது. அந்தப் பகுதி ரப்பர் ஹோஸில் விரிசல் விட்டால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ராத்திரி நின்ற வண்டி காலையில் ஏர் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வைப்பது இதனால்தான். எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸுக்கு மேலே கை எட்டாத இடத்தில் இருக்கும் ஹோஸ் துண்டுகளே முதலில் கெடும். சோதனை எளிது: சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, புது ஹோஸ் போட்டு நேராக லிஃப்ட் பம்புக்குக் கொடுங்கள். மறுநாள் காலை ஒரே சுற்றில் பிடித்தால் குற்றவாளி கேனுக்குப் பின்னால், அதாவது டேங்க் பக்கம். டீசல் ஹீட்டருக்குள் இருக்கும் வலை வடிகட்டியையும் அப்போதே கழற்றிக் கழுவிவிடுங்கள். ஃபில்டரை மட்டும் வருடாவருடம் மாற்றுபவர்கள் இப்படி ஒரு வலை இருப்பதையே அறியாமல் இருப்பதுண்டு.

அடுத்தது அழுத்தம். ஃபில்டருக்கும் பி7100 பம்புக்கும் இடையில் கேஜ் போடுங்கள். இது பிஸ்டன் வகை லிஃப்ட் பம்ப் என்பதால் துடிப்பு அதிகம், நடுவே ஒரு நீடில் வால்வு இல்லாவிட்டால் கேஜ் சீக்கிரம் செத்துப்போகும். ஐடிலில் 17 முதல் 22 பிஎஸ்ஐ, 2500 ஆர்பிஎம்மில் 25 முதல் 30 பிஎஸ்ஐ வர வேண்டும். குறைந்தால், மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் ஹோஸை ஒரு நொடி நசுக்கிப் பாருங்கள். முள் சட்டென்று ஏறினால் லிஃப்ட் பம்ப் சரி, பி7100-இன் ஓவர்ஃப்ளோ வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் லிஃப்ட் பம்பை மாற்றுங்கள். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி ஓட்டுவது ஊர் போய்ச் சேர மட்டும் உதவும்.

சாவியை அணைத்ததும் டீசலை நிறுத்தும் மின்காந்த சுவிட்சான ஷட்டாஃப் சாலினாய்டும் பலரைச் சுற்ற விடும். சாவி போட்டு ஸ்டார்ட் செய்யும்போது அதன் லீவர் முழுதாக மேலே ஏறி, ஏறிய இடத்திலேயே நிற்க வேண்டும். கையால் தூக்கினால் எஞ்சின் பிடிக்கிறது என்றால் ரிலே, வயரிங், சாலினாய்டு என்ற வரிசையில் பாருங்கள். அரைகுறையாக ஏறினாலும் எஞ்சின் ஓடும், இழுவை மட்டும் இருக்காது.

இவை எல்லாம் வண்டியை நிறுத்தும், எஞ்சினைக் கொல்லாது. கொல்வது டைமிங் கியர் ஹவுசிங்கைப் பிளாக்கில் பொருத்தும் ஒரு சின்ன எஃகு டவல் பின். அதிர்வில் மெல்ல வெளியே வந்து விழும். அதிர்ஷ்டம் இருந்தால் ஆயில் சம்புக்குள் போகும். கியர்களுக்கு நடுவே சிக்கினால் ஹவுசிங் உடையும், டைமிங்கும் போகும். முன்பக்க கியர் கவரைக் கழற்றி, பின்னை உள்ளே தட்டி, பக்கத்து போல்ட்டுக்கு அடியில் ஒரு தகடு வைத்து அது வெளியே வராதபடி மறித்துவிட வேண்டும். ஹவுசிங் போல்ட்டுகளையும் திரெட்லாக் போட்டு இறுக்குங்கள், அவையும் தளரும். கவரை மூடும்போது புது கிராங்க் சீலை ஆயில் தடவாமல், உலர்ந்த ஷாஃப்ட்டில்தான் ஏற்ற வேண்டும். ஆயில் பட்டால் சில வாரங்களில் கசியும். பழைய வண்டி வாங்குபவர் இந்த வேலை முடிந்ததற்கு ஆதாரம் கேளுங்கள், இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

இப்போது பவர். பம்பின் பின்பக்கம் ஏஎஃப்சி (பூஸ்டுக்கு ஏற்ப டீசலைக் கட்டுப்படுத்தும் பாகம்) ஹவுசிங்கைக் கழற்றினால், டீசலின் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் ஃப்யூயல் பிளேட் தெரியும். பழைய இடத்தைக் கோடு போட்டுக் குறித்துவிட்டு, போல்ட்டுகளைத் தளர்த்திக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் டீசல் கூடும். காசு செலவே இல்லை என்பதால்தான் ஆபத்து. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், டர்போவுக்கு முன்னால், புகையின் வெப்பத்தைக் காட்டும் பைரோமீட்டர் போடாமல் இதைத் தொடாதீர்கள். டிரெய்லர் இழுக்கும் ஏற்றத்தில் 680 டிகிரி செல்சியஸைத் தாண்டித் தொடர்ந்து ஓட்டினால் அலுமினிய பிஸ்டன் தாங்காது. முள் அங்கே நெருங்கினால் ஒரு கியர் குறையுங்கள். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) 35 பிஎஸ்ஐக்கு மேல் போவதாக இருந்தால் ஹெட் போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் போட வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் பிளேட்டை அப்படியே விட்டுவிடுவது நல்லது. எஞ்சின் கெடும் முன்பே டார்க் கன்வெர்ட்டர் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். ஐந்து கியர் என்வி4500 மேனுவலில் வேறு தலைவலி: ஐந்தாம் கியர் நட் தளர்ந்து, ஷாஃப்ட் ஸ்ப்ளைன் தேய்ந்து, ஒருநாள் ஐந்தாவது காணாமல் போகும்.

டேப்பட் செட்டிங் (வால்வு இடைவெளி) எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது: இன்டேக் 0.25 மிமீ, எக்ஸாஸ்ட் 0.51 மிமீ. முதல் சிலிண்டர் கம்ப்ரெஷன் டிடிசியில் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) சரி செய்ய வேண்டியவை: சிலிண்டர் 1, 2, 4-இன் இன்டேக், 1, 3, 5-இன் எக்ஸாஸ்ட். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி மீதி ஆறு வால்வு. டிடிசி காட்டும் டைமிங் பின் பிளாஸ்டிக். கிராங்கைத் திருப்பும் முன் அதை வெளியே இழுத்துவிடுங்கள், முறிந்தால் துண்டு கியர் கவருக்குள் விழும்.