தொல்காலநிலை முதுநிலைப் படிப்பு: வேலைக்கு வந்து சில வருடம் கழித்து ஒரு மதிப்பீடு

பட்டம் வாங்கிய சூட்டோடு எழுதியிருந்தால் இது வெறும் புலம்பலாக இருந்திருக்கும். இப்போது சுற்றுச்சூழல் ஆலோசனை வேலையில் சில வருடங்கள் ஓடிவிட்டன. பழங்காலத் தட்பவெப்பத்தை ஆராயும் அந்தப் படிப்பில் எது தங்கியது, எது கரைந்தது என்று ஓரளவு நிதானமாகச் சொல்ல முடிகிறது.

சேரும்போது எல்லோர் கண்ணிலும் பனிக்கட்டிதான் இருக்கும். அந்தார்ட்டிக்காவின் டோம் சி என்ற இடத்தில் துளைத்தெடுத்த கோரில், அதாவது நீளமான பனித்தண்டில், 8 லட்சம் ஆண்டுக் காற்று குமிழ் குமிழாக அடைபட்டிருக்கிறது என்று படித்துவிட்டு வருகிறோம். கைக்கு வருவதோ ஏரிச் சேறு. சேற்றுக் கோரை இரண்டாகப் பிளந்ததும் உள்ளே கருமையாகப் பளபளக்கும். காற்றுப் பட்டதும் அந்த நிறம் பழுப்பாக மாறத் தொடங்கிவிடும். அதனால் முதல் வேலை படம் எடுப்பது. களப்பணி அதோடு ஏறக்குறைய முடிந்தது. அப்புறம் மைக்ரோஸ்கோப்தான்: சேற்றில் படிந்த மகரந்தத்தை வைத்து அக்காலத்தில் என்ன செடிகள் இருந்தன என்று பார்ப்பது.

மகரந்தத் துகள் எண்ணுவதைப் பற்றி யாரும் முன்கூட்டி எச்சரிப்பதில்லை. 400 மடங்கு உருப்பெருக்கத்தில் ஸ்லைடை வரிசை வரிசையாக நகர்த்தி, ஒரு மாதிரிக்கு 300 துகளாவது எண்ண வேண்டும். சிலிக்கான் எண்ணெயில் பதித்திருந்தால், மேல்கண்ணாடியை ஊசி நுனியால் மெல்ல அழுத்தும்போது துகள் உருண்டு மறுபக்கத்தைக் காட்டும்; துளை எத்தனை, பள்ளம் எத்தனை என்று அப்போதுதான் பார்க்க முடியும். பைனுக்கு இருபுறமும் காற்றுப்பை இருப்பதால் தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும். புல்தான் வதைக்கும். உருண்டை, ஒற்றைத் துளை, அவ்வளவுதான். எந்த இனம் என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. நடுவே, மாதிரியில் நாமே கலந்த லைகோபோடியம் என்ற செடியின் வித்துகளையும் எண்ண வேண்டும். எத்தனை வித்துகள் சேர்த்தோம் என்று தெரியும் என்பதால், சேற்றில் மகரந்தம் எவ்வளவு இருந்தது என்பதை அதை வைத்துக் கணக்கிடலாம். எளிமையான யுக்தி. எனக்கு இன்றும் பிடித்தது அதுதான்.

மாதிரியைத் தயார்செய்ய ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தேவைப்படும் ஆய்வகங்களில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. நான் படித்த துறையில் அதற்கான ஃப்யூம் ஹூடு (நச்சுப்புகையை வெளியேற்றும் கூண்டு) ஒன்றே ஒன்று. அதைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

சரி, உண்மையில் பயன்பட்டது எது? காலக்கணிப்பு. வகுப்பில் அது தூக்கம் வரவழைக்கும் பாடம். கார்பன்-14இன் அரைவாழ்வு 5,730 ஆண்டு, ஏறக்குறைய 50,000 ஆண்டுக்கு மேல் அந்த முறை எடுபடாது என்பதெல்லாம் பள்ளியிலேயே கேட்டதுதான். ஆனால் வளிமண்டலத்தில் கார்பன்-14இன் அளவு நிலையாக இருந்ததில்லை. அதனால் ஒவ்வொரு முடிவையும் இன்ட்கால்20 போன்ற, கார்பன் வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் வளைகோட்டில் வைத்துத் திருத்த வேண்டும். கி.மு. 800 முதல் 400 வரை அந்த வளைகோடு தட்டையாகக் கிடக்கிறது. மாதிரி அந்தக் காலத்தில் விழுந்தால் ஆண்டு சில நூற்றாண்டு அகலத்துக்குப் பரவிவிடும். எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. சுண்ணாம்புப் பாறை சூழ்ந்த ஏரி என்றால் இன்னொரு தலைவலி: நீர்த்தாவரம் பழைய கார்பனை உறிஞ்சி, வயதைக் கூட்டிக் காட்டும். நிலத்தாவரத்தின் இலையோ விதையோ கிடைக்குமா என்று சேற்றைச் சலித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பணமும் இருக்காது. ஓர் ஆய்வேட்டுக்கு நாலைந்து காலக்கணிப்பு கிடைத்தாலே பெரிது. இடையில் உள்ள ஆழங்களுக்கெல்லாம் பேக்கன் மாதிரியான கணினி நிரல் வயதை ஊகித்துத் தருகிறது. ஆழத்துக்கு வயது காட்டும் கோடு வழவழப்பாக வந்துவிடும், மனமும் நம்பிவிடும். 'இந்த வறட்சியால்தான் அந்த நாகரிகம் வீழ்ந்தது' என்று இப்போது ஒரு அறிக்கை வந்தால், வரைபடத்தைப் பார்க்கும் முன் அதன் அடியில் எத்தனை தேதிகள், பிழை வரம்பு எவ்வளவு என்றுதான் என் கண் போகிறது. அலுவலகத்தில் நிலத்தடி நீர் அறிக்கை படித்தாலும் இதே புத்திதான்.

செமினார்களில் ஒன்று மட்டும் மறக்கவில்லை. கடலடிப் படிவில் கிடைக்கும் ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகளில் ஆக்ஸிஜன் ஐசோடோப்பு (எடை வேறுபட்ட ஆக்ஸிஜன் அணு) விகிதத்தின் ஏற்ற இறக்கத்தை எமிலியானி என்ற ஆய்வாளர் 1955இல் பெரும்பாலும் வெப்பநிலையாகப் படித்தார். 1967இல் ஷாக்கிள்டன் என்ற இன்னொரு ஆய்வாளர், அதில் பெரும்பகுதி பனிப்பாளங்களின் அளவு என்றார். எண்கள் அதேதான், கதை வேறு. மிலன்கோவிச் சுழற்சிகளை, அதாவது பூமியின் சுற்றுப்பாதையும் சாய்வும் மாறி மாறி வருவதை, ஒரு வாரத்தில் ஓட்டிவிட்டார்கள். எனக்கு அது போதுமானதாகவே இருந்தது.

வேலை விஷயத்தில் கனவு வேண்டாம். நேரடியாக இந்தத் துறையில் இடங்கள் குறைவு. என் வகுப்பில் பலர் ஜிஐஎஸ் (கணினி வரைபடத் தகவல் வேலை), தரவுப் பகுப்பாய்வு என்று போய்விட்டார்கள். அவர்களைக் காப்பாற்றியது ஆர் நிரல்மொழி. அதையும் யாரும் ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை, முட்டி மோதித்தான் கற்றோம்.

இருந்தும் பொறுமை உள்ளவர்களுக்குப் பரிந்துரைப்பேன். சேரும் முன் துறையிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: காலக்கணிப்புச் செலவை யார் தருகிறார்கள், ஐசோடோப்பை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் சொந்தமா, மாதிரியை வெளியே அனுப்புவதா, முடிவு வர எத்தனை மாதம். முடிந்தால் மகரந்த ஒப்பீட்டு ஸ்லைடு பெட்டியையும் காட்டச் சொல்லுங்கள். லேபிள் இல்லாத ஸ்லைடுகள் நிறைய இருந்தால் வேறு துறை பாருங்கள்.