புலாவ் உபின்: படகுக்கு 4 வெள்ளி, பாட்டுக்குக் காசில்லை

சிங்கப்பூரின் சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் உபின் தீவுக்குப் போகும் படகுக்கு நேர அட்டவணை எல்லாம் கிடையாது. 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். தலைக்கு 4 வெள்ளி, சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். அவசரமென்றால் மீதி இடங்களுக்கும் நாமே காசு கட்டிவிட்டால் உடனே எடுத்துவிடுவார்கள்.

நான் போவது இரண்டு பறவைகளின் பாட்டுக்காக. முதலாவது ஸ்ட்ரா ஹெடட் புல்புல். புல்புல்களிலேயே பெரியது, வைக்கோல் நிறத் தலை, கன்னத்தில் கறுப்பு மீசைக் கோடு. குரல் நல்ல கனம். ஒன்று தொடங்கினால் ஜோடியும் சேர்ந்துகொண்டு கொட்டித் தீர்க்கும். அந்தக் குரல்தான் அதற்கு எமன். கூண்டுப் பறவை வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே தாய்லாந்திலும் ஜாவாவிலும் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களைத் தரம்பிரிக்கும் ஐயூசிஎன் அமைப்பின் செம்பட்டியலில் 2018 முதல் கடைசிப் படிக்கட்டில் நிற்கிறது. அதற்கு அடுத்தது காட்டிலிருந்தே மறைவதுதான். அப்படிப்பட்ட பறவை இங்கே சைக்கிள் பாதையோரம் சாவகாசமாகப் பாடிக்கொண்டிருக்கும்!

இரண்டாவது சோலைபாடி, ஆங்கிலத்தில் ஷாமா. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. உலகக் கணக்கில் கவலைப்படத் தேவையில்லாத இனம், ஆனால் சிங்கப்பூரில் அரிது. புதருக்குள்ளிருந்து புல்லாங்குழல் மாதிரி இழுத்துப் பாடும், நடுவில் பக்கத்துப் பறவையின் குரலையும் சொருகும். பார்க்க ஆசைப்பட்டால் நீளவாலின் வெள்ளை அடிப்பாகம் ஒரு நொடி தெரியும், அவ்வளவுதான். இதுவும் கூண்டுச் சந்தையில் விலைபோகிற பறவை. காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் சைட்டிஸ். 2022இல் பனாமாவில் கூடிய அதன் மாநாட்டில் புல்புலை முதல் பட்டியலுக்கு உயர்த்தி சர்வதேச வியாபாரத்தைத் தடுத்தார்கள். சோலைபாடியை இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள், அதாவது அனுமதியோடு விற்கலாம். எனக்கு அது போதாது என்றே படுகிறது.

சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். நான் வாடகைக்கு எடுத்ததன் பிரேக் ஒவ்வொரு இறக்கத்திலும் வீறிட்டது. பறவை எப்படி நிற்கும்? கடையை விட்டுக் கிளம்புமுன் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். பாட்டு கேட்க வந்தவர்கள் நடப்பதே மேல். தீவின் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவா சதுப்புநிலம் வரை நல்ல நிழல் உண்டு, கொசுவும் உண்டு.

5க்கு 4 தருகிறேன். குறைத்த ஒன்று சைக்கிளுக்காக அல்ல. போனில் பதிவுசெய்த குரலைப் போட்டு சோலைபாடியை வெளியே இழுக்கப் பார்த்த படக்காரர்களுக்காக. எதிரி வந்துவிட்டதென்று அது பதறுவதைப் படமெடுத்து என்ன செய்யப்போகிறார்களோ.