வார்டிலேயே ஊசியா, வீட்டிலிருந்து போய் வருவதா?

அப்பிச்சிக்கு ஈரோட்டில் இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. யூரின் டியூப் வழியாகக் கிருமி புகுந்துகொண்டது. அப்புறம்தான் செலவே.

வார்டில் இருந்தால் மெரோபெனெம் என்ற ஆன்டிபயாடிக் (கிருமிக்கொல்லி) ஊசி, வழக்கமாக 8 மணி நேரத்துக்கு ஒன்று. மருந்தை விடுங்கள், ரூம் வாடகை, நர்சிங் சார்ஜ், ரத்தப் பரிசோதனை, கூட இருப்பவர் சாப்பாடு என்று பில் நீளும். போதாக்குறைக்கு, அங்கேயே இன்னொரு கிருமி ஒட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

அதே வகை ஆன்டிபயாடிக்கான எர்டாபெனெம் நாளைக்கு ஒன்றுதான். பக்கத்து கிளினிக்கில் அரை மணி நேரம் டிரிப் ஏற்றிவிட்டு, வீட்டில் வந்து கம்மங்கூழ் குடிக்கலாம். படுக்கை வாடகை மிச்சம். ஆனால் சூடோமோனாஸ் கிருமிக்கு அது கேட்காது. எந்தக் கிருமி என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட் வராமல், காய்ச்சல் இறங்காமல் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி டாக்டரை நச்சரிப்பது வீண். அப்பிச்சிக்கு ஈ.கோலை கிருமி என்று வந்தது, எர்டாபெனெம் கேட்கும் வகை. டாக்டரும் சரி என்றார், கூட்டி வந்துவிட்டோம்.