வேக்போர்டு படகுக்கு பேலஸ்ட் வாங்கறவங்க உஷாரா இருங்க: எங்க 1,18,000 ரூபாய் போச்சு

வயித்தெரிச்சல்ல எழுதறேன், முன்னே பின்னே இருந்தா பொறுத்துக்குங்க. 1,18,000 ரூபாய். படகுக்கு பேலஸ்ட் சிஸ்டம்னு சொல்லிக் காசை வாங்கிட்டு, ஒண்ணுத்துக்கும் ஆகாத மூணு பையையும் மூணு பம்பையும் அனுப்பி வச்சிருக்காங்க. கடைப் பேரைப் போடலை. புகார் குடுத்திருக்கோம், அது ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் பேரை எழுத வேண்டாம்னு வக்கீலா இருக்கற எங்க சின்ன மாமனார் சொல்லியிருக்கார். தண்ணி விளையாட்டுச் சாமான் விக்கிற ஆன்லைன் கடைன்னு தெரிஞ்சுக்குங்க, போதும். பளபளன்னு வெப்சைட், வாட்ஸ்அப் நம்பர், படகுக்குப் பக்கத்துல நின்னு சிரிக்கற போட்டோ, எல்லாம் உண்டு. பேலஸ்ட் வாங்கறப்ப என்னென்ன பார்க்கணும்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லியே ஆகணும்.

எனக்குக் கோயமுத்தூர், கணபதியில லேத் பட்டறை. பங்காளிக மூணு பேரு சேர்ந்து பழைய வேக்போர்டு படகு ஒண்ணு வாங்கி, கொச்சிப் பக்கம் காயல் கரையில விட்டிருக்கோம். மத்த ரெண்டு பேர்ல ஒருத்தன் திருப்பூர்ல பனியன் கம்பெனி, இன்னொருத்தன் பொள்ளாச்சியில தென்னந்தோப்பு. நம்ம பக்கத்து அணையெல்லாம் பாசனத்துக்கும் குடிதண்ணிக்கும் நிக்கற தண்ணி, அதுல சொந்தப் படகை இறக்கி ஓட்டிக்கிட்டுத் திரிய முடியாது. அதனால லீவு கெடைச்சா வாளையார் தாண்டிப் போயிடறது. வாடகைக்கெல்லாம் விடறதில்லைங்க, பசங்களுக்காக வாங்கினது.

பேலஸ்ட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. வேக்போர்டுங்கற பலகையில நிக்கற ஆளைக் கயித்துல படகு மணிக்கு 30, 35 கிலோமீட்டர் வேகத்துல இழுக்கும். படகுக்குப் பின்னாடி எழும்பற அலை மேல ஏறித்தான் அவங்க எகிறணும். படகு எவ்வளவு கனமா தண்ணிக்குள்ள அமுங்குதோ, அலை அவ்வளவு பெருசா எழும்பும். அதுக்காக, ஓட்டற நேரத்துக்கு மட்டும் தண்ணியையே கனமா உள்ள ஏத்திக்கிட்டு, முடிஞ்சதும் வெளிய விட்டுடறது. ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்கு சுலபம். பின்னாடியே கனம் ஏத்தினா அலை செங்குத்தா நிக்கும். முன்னாடியும் கொஞ்சம் வச்சாத்தான் நீளமா, ஏறறதுக்குத் தோதான சாய்வா வரும். அதனால பின்னாடி ரெண்டு பக்கப் பெட்டியிலயும் ஒவ்வொண்ணு, மூக்குப் பக்கம் ஒண்ணுன்னு மூணு பை. பின்னாடி ரெண்டும் 750 பவுண்டு, முன்னாடி 400. இந்தச் சாமான் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்குல வர்றதால பவுண்டு, காலன்னுதான் போட்டிருப்பாங்க. நம்ம கணக்குக்கு 340, 340, 180 கிலோ.

பம்புலதான் விஷயமே இருக்கு. ஏரேட்டர் பம்புன்னு ஒண்ணு, அது சென்ட்ரிபியூகல், அதாவது உள்ள விசிறி சுத்தித் தண்ணியைத் தள்ளற வகை. தானா தண்ணியை உறிஞ்சாது, தண்ணி மட்டத்துக்குக் கீழ உக்காரணும். ரொப்பறதுக்கு ஒண்ணு, வெளியேத்தறதுக்கு ஒண்ணுன்னு பைக்கு ரெண்டு வேணும். இன்னொண்ணு ரிவர்சிபிள் பம்பு. உள்ள ரப்பர் இதழ் வச்ச சுத்தற சக்கரம், இம்பெல்லர்னு சொல்லுவாங்க. தானா உறிஞ்சும், சுவிட்சை எதிர்ப்பக்கம் போட்டா ரொப்பின வழியிலயே தண்ணியை வெளியேத்தும். தண்ணி இல்லாம ஓடவிட்டா ரப்பர் கருகிப் போகும், விலையும் ஜாஸ்தி. ஆனா பைக்கு ஒரே பம்பு போதும், குழாயும் கம்மி. எங்க படகுல இடம் குறைச்சல்ங்கறதால ரிவர்சிபிள்தான் வேணும்னு அழுத்திச் சொல்லித்தான் ஆர்டர் போட்டோம். மணிக்கு 800 காலன் தள்ளற பம்பு மூணு. வாட்ஸ்அப்புல எழுத்துலயே இருக்கு.

அந்தக் கடை ஆளு பேசின பேச்சைச் சொல்றேன் கேளுங்க. மத்த எடத்துல விசாரிச்சப்ப விலைப்பட்டியலை அனுப்பிட்டு அதோட விட்டுட்டாங்க. இவன் போனை எடுத்ததுமே "ஏனுங்ணா, கோயமுத்தூருங்களா? நானும் கோபிப் பக்கந்தானுங்ணா"ன்னான். எந்த ஊருன்னு கேட்டேன். நம்பியூருக்குப் பக்கத்துல ஒரு ஊரைச் சொன்னான். என் சம்சாரம் பொறந்த ஊருக்கு அது கூப்பிடு தூரம். அங்கிருக்கற கோயில் நோம்பி எந்த மாசம், வாய்க்கால்ல எப்பத் தண்ணி விடுவாங்க, எல்லாம் சரியாச் சொன்னான். படகைப் பத்தியும் விவரமாக் கேட்டான். எத்தனை அடி, என்ஜின் நடுவுலயா பின்னாடியா, பசங்க எத்தனை பேரு ஏறுவாங்க. அப்புறம் சொன்னான் பாருங்க: "குழந்தைங்க ஏறற வண்டிங்ணா, சல்லிச் சாமானைக் குடுத்துட்டு நான் எப்படிங்ணா ராத்திரி தூங்கறது?"

இந்த வார்த்தையை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். பட்டறைக்கு வர்றவங்ககிட்ட நான் எந்த அக்கறையில பேசுவேனோ, அதே அக்கறை அவன் குரல்ல இருந்துச்சு. ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டிருந்த பொள்ளாச்சிப் பங்காளி, "நம்ம ஊர்க்காரனப்பா, போட்டுடு"ன்னான். சாமான் ஒரு லட்சம், ஜிஎஸ்டி பதினெட்டாயிரம். பேங்க் வழியா 1,18,000 ரூபாயும் முழுசாப் போச்சு.

பை முதல்ல வந்துச்சு. பம்பு மட்டும் "கஸ்டம்ஸ்ல நிக்குதுங்ணா". பையோட மூட்டெல்லாம் உருக்கி ஒட்டினது இல்லை, பசை தடவி ஒட்டினது. தடவிப் பார்த்தாலே தெரிஞ்சுது. பட்டறையில 200 லிட்டர் பேரல் வச்சு அளந்து ஊத்தினோம். 340 கிலோன்னு அச்சடிச்ச பை, ஒரு பேரலும் அதுக்கு மேல முப்பது லிட்டரும் புடிச்சதோட உப்பி நின்னுடுச்சு. 230தான்! ஒரு பைக்கு 110 கிலோ பொய். போன் போட்டா, "புதுப் பைங்ணா, நாலு தடவை ரொப்பினா விரிஞ்சு குடுக்கும்"ங்கறான். பிவிசி சீட்டு என்ன ஒண்ணரை மடங்கா விரியும்?

பம்பு வர்றதுக்குள்ள பசங்களுக்கு லீவு வந்துருச்சு. போர்ட்டபிள் பம்பு வச்சு ரொப்பிக்கிட்டுக் காயல்ல ஓட்டிக்கிட்டிருக்கறப்ப, வலப்பக்கப் பையோட மூட்டு பிரிஞ்சிருச்சு. உள்ள இருந்த இருநூத்துச் சொச்சம் லிட்டரும் படகோட அடிப்பள்ளத்துல பாஞ்சு, படகு சாய ஆரம்பிச்சுது. ஓரத்துல உக்காந்திருந்த பங்காளி பையன் கத்தின கத்து இன்னும் காதுலயே இருக்கு. எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாங்க, அடிப்பள்ளத்துல சேர்ற தண்ணியை வெளியேத்தற பில்ஜ் பம்பும் நல்லா இருந்துச்சு. வேகத்தைக் குறைச்சு மெதுவாக் கரைக்குக் கொண்டாந்துட்டோம். படகுக்குள்ள கட்டில்லாம அலையற தண்ணி ரொம்பப் பொல்லாதது. படகு எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். "குழந்தைங்க ஏறற வண்டி"ன்னு சொன்ன அதே வாய் அனுப்பின பைங்க இது.

அப்புறம் ஒரு வழியா பம்பு வந்துச்சு. பேட்டரியில கோர்த்து, வாளித் தண்ணியில குழாயை விட்டுப் பார்த்தா உறிஞ்சவே இல்லை. தண்ணியை ஊத்திக் குடுத்தா மட்டும் ஓடுது. வயரை மாத்திக் கோர்த்தேன். மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்துது, தண்ணி மட்டும் வர்ற வழியிலயே கொறைச்சலா வருது. தோட்டம் வச்சிருக்கற எல்லாருக்கும் இது தெரியும், கெணத்து மோட்டார்ல பேஸ் மாறினா இதுதான் நடக்கும். சென்ட்ரிபியூகலைத் திருப்பிச் சுத்தினா தண்ணி திரும்பிப் போகாது. மூடியைக் கழட்டினேன். ரப்பரே இல்லை, பிளாஸ்டிக் விசிறி. மேல "ரிவர்சிபிள், 800 காலன்"னு ஒரு ஸ்டிக்கர். அதை உரிச்சா அடியில பாடியிலயே வார்த்திருக்கு: மணிக்கு 800 லிட்டர். ஒரு அமெரிக்கக் காலன்னா 3.785 லிட்டருங்க. 800 காலன்னா மூவாயிரம் லிட்டர், 340 லிட்டர் பை ஏழு நிமிஷத்துல ரொம்பணும். இந்தப் பம்புக்கு அரை மணி நேரம் புடிக்கும், ரொப்பினதை வெளியேத்தவும் வழியில்லை. தலைமுறை தலைமுறையா பம்பு செய்யற ஊருக்கு ஸ்டிக்கர் ஒட்டின பம்பை அனுப்பற தைரியம் எப்படி வந்துச்சுன்னு தெரியலை.

அதுக்கப்புறம் போன் பண்ணினா ஒவ்வொரு தடவையும் ஒரு கதை. "லைன்ல ஏர் இருக்குங்ணா." "படகுல மாட்டினாத்தாங்ணா வேலை செய்யும், தரையில டெஸ்ட் பண்ணக் கூடாது." "டெக்னிக்கல் ஆளு ஆடி நோம்பிக்கு ஊருக்குப் போயிட்டாருங்ணா, வந்ததும் கூப்பிடச் சொல்றேன்." நோம்பி முடிஞ்சும் யாரும் கூப்பிடலை. வீடியோ அனுப்பினேன், நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்லை. திருப்பூர்க்காரன் வேற நம்பர்ல இருந்து கூப்பிட்டப்ப உடனே எடுத்து "சொல்லுங்ணா"ன்னவன், எங்க பேரைக் கேட்டதும் வெச்சுட்டான். அப்புறம் வேற யாரோ ஒரு பொண்ணு பேசுச்சு, நீங்க பம்பைக் கழட்டிட்டீங்க சார், வாரண்டி போச்சுன்னு. கழட்டாம உள்ள என்ன இருக்குன்னு எப்படிம்மா தெரியும்னு கேட்டேன். "டிக்கெட் ரெய்ஸ் பண்ணுங்க சார்." அவ்வளவுதான்.

ஜிஎஸ்டி பில்லாவது குடுங்கன்னு கேட்டா, காசு வாங்கறதுக்கு முன்னாடி குடுக்கற உத்தேச பில்லு, அந்தப் புரோஃபார்மாவையே திரும்பத் திரும்ப அனுப்பறாங்க. அதுல ஜிஎஸ்டி நம்பரே இல்லை. அப்ப எங்ககிட்ட வாங்கின பதினெட்டாயிரம் எங்க போச்சு? சாமானுக்குன்னு வாங்கினதும் ஏமாத்து, வரின்னு வாங்கினதும் ஏமாத்து. மொத்தம் 1,18,000 ரூபாய்.

விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், எழுத எழுத ஆத்திரம் ஜாஸ்தியாகுது. முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன். ரிவர்சிபிள்னு சொன்னா மூடியைக் கழட்டி ரப்பர் இம்பெல்லரைக் காட்டச் சொல்லி வீடியோ கேளுங்க, தர மாட்டேன்னா விட்டுடுங்க. காலனா லிட்டரான்னு எழுத்துல வாங்குங்க. பை வந்ததும் பேரல் வச்சு அளங்க, ஒரு ராத்திரி ரொப்பியே வச்சு மூட்டைப் பாருங்க. எவ்வளவு எடை ஏத்தலாம்னு படகுல ஒட்டியிருக்கற கெப்பாசிட்டி பிளேட்டைத் தாண்டாதீங்க, ஆளுங்க எடையோட பேலஸ்ட் தண்ணியையும் சேர்த்துத்தான் கணக்கு. பம்புக்குப் பம்பு தனி ஃபியூஸ், தடி வயர். பில்ஜ் பம்பை இந்த வேலைக்கு இழுக்காதீங்க. ட்ரெய்லர்ல ஏத்தறதுக்கு முன்னாடி தண்ணி பூராவும் வெளிய போயிருக்கணும்.

காசு போடறதுக்கு முன்னாடி ஜிஎஸ்டி நம்பரை வாங்கி ஜிஎஸ்டி போர்ட்டல்ல தட்டிப் பாருங்க. தமிழ்நாட்டுக் கடைன்னா 33ல ஆரம்பிக்கும். பெட்டி பிரிக்கறப்பவே வீடியோ எடுங்க. ஏமாந்தவங்க நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்குப் போன் பண்ணிப் புகார் பதியுங்க. பணத்தை வாங்கிட்டு ஆளே காணாமப் போனா உடனே சைபர் கிரைம் நம்பர் 1930. ஆன்லைன் கடையோட குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துல புகார் கெடைச்சுதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும், 2020ல வந்த இ-காமர்ஸ் விதி அது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போறதா இருந்தா நாம குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், அவன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும். நாங்க கோயமுத்தூர்லயே போடறோம்.

நேத்து ராத்திரி பார்த்தா அதே பை போட்டோ, அதே "800 காலன்" ஸ்டிக்கர் பம்பு, வேற கடைப் பேர்ல, வேற நம்பர்ல விளம்பரம் ஓடிக்கிட்டிருக்கு. பேலஸ்ட் செட்டுன்னு யாராவது உங்களுக்கு விலை சொல்லியிருந்தா, காசு போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. ஸ்டிக்கரை உரிச்ச பம்பு போட்டோ எங்கிட்ட இருக்கு, அனுப்பறேன், ஒப்பிட்டுப் பார்த்துக்குங்க.