செரி இறாலா, அமானோ இறாலா?

மீன்தொட்டியில் பாசி ஏறியதால் அதைத் தின்னும் இறால் தேடிப் போனேன். கடையில் இருந்தவை இரண்டு: சிவப்புச் செரி, கண்ணாடி போன்ற அமானோ. இரண்டையும் வளர்த்துப் பார்த்துவிட்டேன். இப்போது கிளிநொச்சி வீட்டில் இருப்பது செரி மட்டும்தான்.

பாசி தின்பதில் அமானோவை அடிக்க ஆளில்லை. 5 சென்ரிமீற்றர் வரை வளரும். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ பாசியை அடக்க இதைத் தொட்டியில் விட்டுப் பிரபலமாக்கியதால் வந்த பெயர் அது. செரி சிறியது, ஆனால் வடிவு.

எனக்கு முடிவைச் சொன்னது குஞ்சுதான். செரித் தாய் வயிற்றடியில் இருபது முப்பது முட்டை சுமக்கும். மூன்று கிழமையில் வெளியே வருவது குட்டி இறாலேதான். அன்றைக்கே பாசியில் மேயும். நான் ஒன்றும் செய்யவில்லை. அமானோ ஆயிரத்துக்கு மேல் சுமந்தது. ஒருநாள் இரவு ரோச் அடித்துப் பார்த்தால், தூசி மாதிரிக் குஞ்சுகள் தலைகீழாகத் தொங்கி மிதந்தன. அவற்றுக்குச் சில நாளுக்குள் உப்புநீர் கிடைக்க வேண்டும். முல்லைத்தீவுக் கடலில் ஒரு கான் அள்ளிவந்து, கிணற்றுத் தண்ணீர் கலந்து விட்டேன். நான்காம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. முயன்றது ஒரே முறை, உப்பை அளக்கக் கருவியும் இல்லை. கைதேர்ந்தவர்கள் மாதக்கணக்கில் பார்த்து வளர்த்தெடுக்கிறார்கள்.

அதற்காக அமானோவைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஓடையில் பொரித்த குஞ்சு கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, கிழமைக்கணக்கில் மிதந்து, பிறகு ஏதோ ஒரு ஆற்றுவாயைப் பிடித்து மேலேறுகிறது. பிறந்த ஆறாகவே இருக்க வேண்டியதில்லை. ரோக்கியோவுக்குத் தெற்கே 1,000 கிலோமீற்றர் தள்ளி, எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிராத ஒகசவாரா தீவுகளில் இது வாழ்வது அப்படித்தான். ஹவாயின் ஓடைகளில் இதே குடும்பத்து இறாலொன்று இருப்பதற்கும் கடல்தான் வழி.

செரியால் கடல் தாண்ட முடியாது. மனிதர் கொண்டுபோனால் கதை வேறு: ஹவாயின் ஓவாகு தீவு ஓடைகளில் அது பெருகிவிட்டது. கடலே தேவைப்படாத இறால், குளம் நிறைந்த வன்னியில் என்ன செய்யும் என்று யோசித்தால் பயமாக இருக்கிறது. நம் குளங்களுக்கென்று கூனி இறால் இருக்கிறது.

அதனால் தண்ணீர் மாற்றும்போது துணியில் வடித்து, வாழையடியில் ஊற்றுகிறேன். இரணைமடு வாய்க்கால் பக்கம் அந்த வாளி போவதில்லை.