கேள்வி அதிகம், நாய் அருமை: காப்பகத்திலிருந்து நாய் எடுத்த கதை

காப்பகத்தின் பெயரை இங்கே போடவில்லை, அவர்களே கேட்டுக்கொண்டார்கள். இடம் வெளியே தெரிந்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டியில் குட்டிகளைப் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்களாம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து காரில் காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். கடைசியில் செம்பனைக்குள் ஒரு செம்மண் ரோடு இருக்கிறது. மழை பெய்த மறுநாள் மோட்டாரில் போகாதீர்கள், சறுக்கும்.

என் வீட்டுக்காரர் செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை. ராத்திரி ஷிப்டு விழுந்தால் வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்தான். நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறேன், தீபாவளி நேரத்தில் நடுச்சாமம் வரை விளக்கு எரியும். அதனால் நாய் வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பேச்சு. கடையில் வாங்கினால் ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்). தோட்டத்தில் யாரிடமாவது கேட்டால் சும்மாவே கிடைக்கும், ஆனால் ஊசி போட்டிருக்காது, கருத்தடையும் செய்திருக்காது. பெட்டை நாய் இரண்டு மாதம் சுமந்து ஐந்தாறு குட்டி போட்டால் அதற்கும் நாம்தான் ஆள் தேட வேண்டும். காப்பகத்தில் 150 வெள்ளிக்குக் கருத்தடை, தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாம் முடித்துத் தருகிறார்கள்.

அங்கே போனதும் குரைப்புச் சத்தம் காதை அடைக்கும். கழுவி விட்ட சிமெண்டுத் தரை, கூண்டுக்குக் கூண்டு தண்ணீர்ச் சட்டி, எல்லாவற்றிலும் சுத்தமான தண்ணீர். நான் முதலில் பார்த்தது அதைத்தான். வாடை இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இத்தனை நாய் இருக்கிற இடத்தில் வாடையே இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் கேள்விகள் ஆரம்பித்தன. விண்ணப்பப் பாரம் மலாயில் இருந்தது. எழுதிக்கொண்டது ஒரு சீனப் பெண், பக்கத்திலேயே நம் ஆள் ஒரு அண்ணன். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடா, ஃபிளாட்டா? வேலி எவ்வளவு உயரம்? பக்கத்து வீட்டில் யார், அவர்களிடம் சொல்லியாகிவிட்டதா? எங்கள் பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மா) நான் ஏற்கெனவே பேசியிருந்தேன். நாய் எங்கள் வேலியைத் தாண்டாமல் இருந்தால் சரி என்றார். அதனால் அந்தப் பக்கக் கம்பி வேலிக்குக் கீழே பலகை அடித்திருக்கிறோம் என்று சொன்னதும் அந்தப் பெண் முகத்தில் சிரிப்பு வந்தது.

அந்த அண்ணன் கேட்ட ஒரு கேள்வியை வேறு எங்கும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. “வீட்டுக்குப் பின்னால் செம்பனை என்றால், எலிக்கு மருந்து வைக்கிறார்களா அக்கா?” வைக்கிறார்கள். மருந்தையோ, மருந்து தின்ற எலியையோ நாய் தின்றால் ரத்தம் உறையாமல் உள்ளுக்குள்ளேயே கசிய ஆரம்பிக்கும், அது வெளியே தெரியவே சில நாள் ஆகும் என்று விளக்கினார். ஈறு வெளுத்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ காத்திருக்காமல் மிருக டாக்டரிடம் ஓடுங்கள், அதற்கு வைட்டமின் கே என்று மாற்று மருந்து இருக்கிறது என்றார். இந்த ஒரு பேச்சுக்கே 150 வெள்ளி கொடுக்கலாம்.

என் வீட்டுக்காரர் பொறுமை இழந்துவிட்டார். “நாய் எடுக்க வந்தோமா, பெண் பார்க்க வந்தோமா?” என்று என் காதில் முணுமுணுத்தார். சங்கிலி போட்டு முன்வாசலில் கட்டிவைப்போம் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதும் பேனா நின்றுவிட்டது. நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிவைக்கிற வீட்டுக்கு நாய் தர மாட்டார்கள். சுவரில் விலங்கு நலச் சட்டம் 2015 பற்றி ஒரு தாள் ஒட்டியிருந்தது. கொடுமை செய்தால் குறைந்தது 20,000 வெள்ளி, அதிகபட்சம் 100,000 வெள்ளி அபராதம், அல்லது மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அவர் அதைப் படித்துவிட்டு, “சரி, வேலிக்குள் அவிழ்த்தே விடுகிறோம்” என்றார். நல்லது.

வெளியே இந்தக் காப்பகத்தைப் பற்றிப் புகார் சொல்கிறவர்கள் எல்லாரும் இந்தக் கேள்விகளைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. கேட்காமல் கொடுத்த நாய்கள்தான் கடைசியில் பாசார் (சந்தை) பின்னால் குப்பைத் தொட்டியைக் கிளறிக்கொண்டு திரிகின்றன.

என் வீட்டுக்காரர் கண் குட்டிகள் மேல். எனக்கு வளர்ந்த நாய் போதும் என்று தோன்றியது. குட்டி என்றால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஊசி, நான்கு மாதம் ஆகும் வரை பார்வோ என்கிற வைரஸ் நோய் பயம், தைக்க வைத்த துணியெல்லாம் வாயில் போகும். ஓரக் கூண்டில் ஒரு கறுப்புப் பெட்டை, மூன்று வயது இருக்கும், காதில் கருத்தடை அடையாளமாகச் சின்ன வெட்டு. மற்றதெல்லாம் கம்பியில் ஏறிக் குதிக்கும்போது இது உட்கார்ந்தபடி என் கையை மட்டும் மோந்து பார்த்தது. கறுப்பு நாயை யாரும் கேட்பதில்லை என்றார் அண்ணன். மாமியாருக்கு போன் போட்டேன். “கறுப்பா? பைரவர் வாகனம்டி, பேசாமல் கொண்டு வா” என்று வைத்துவிட்டார். அதற்கு ராணி என்று பெயர். இப்போது வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் மச்சம் (அசைவம்) கிடையாது, ஆனால் ராணிக்கு மட்டும் மாமியாரே முட்டை அவித்துப் போடுகிறார். கேட்டால் முட்டை மச்சம் இல்லையாம்.

குறை இல்லாமல் இல்லை. ராணி வந்த புதிதில் சாப்பாட்டைத் தொடவில்லை. இடம் புதுசு, பழகட்டும் என்று போனில் சொன்னார்கள். அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. எலி மருந்தோ என்று பதறிப் போனால், ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல். ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன. டாக்சிசைக்ளின் மருந்து 28 நாள், சாப்பாட்டோடு. செலவு நாய் எடுத்த பணத்தைப் போல இரண்டு மடங்கு. காப்பகத்து அட்டையில் ‘உண்ணி மருந்து’ என்ற கட்டத்தில் டிக் இருந்தது, தேதி இல்லை. அத்தனை நாய்களை வைத்துக்கொண்டு உண்ணியை முழுசாக ஒழிப்பது கஷ்டம் என்பது புரிகிறது. ஆனால் ரத்தம் பார்க்கவில்லை என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்ற பயமாக இருக்கும். நான் எடுத்திருப்பேன். கூப்பிட்டுச் சொன்னபோது மன்னிப்புக் கேட்டார்கள், பாதிச் செலவையும் கொடுத்தார்கள். ராணி இப்போது தேறிவிட்டது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒரு புள்ளி அந்தத் தேதியில்லாத டிக்குக்கு.

போகிறவர்கள் முதலில் போன் செய்துவிட்டுப் போங்கள், காலையில் கூண்டு கழுவி முடித்த பிறகு. ஐசி (அடையாள அட்டை) கையில் இருக்கட்டும், வேலியைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் கேள்வி குறையும். நாயை ஏற்றிக்கொண்டு நேராக வீட்டுக்கு வராமல் மிருக டாக்டரிடம் போய் உண்ணிக் காய்ச்சலுக்கும் இதயப் புழுவுக்கும் ரத்தம் பார்த்துவிடுங்கள், இரண்டையும் ஒரே பரிசோதனையில் பார்க்கலாம். அந்த வாரமே நகராண்மைக் கழகத்தில் நாய் லைசென்ஸ் எடுத்து வில்லையைக் கழுத்துப் பட்டையில் மாட்டுங்கள். எங்களுக்குக் கோலகங்சார் வரை போக வேண்டியிருந்தது. ராணியின் வில்லை நடக்கும்போது கிணுகிணுக்கிறது, அது வேலியோரம் எந்தப் பக்கம் போகிறது என்று தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே எனக்குத் தெரியும்.